சிம்டா மாற்றத் தெரிந்தவருக்குக் கூடுதல் கூலி

நவி மும்பை கோபர்கைரனேயில் எந்த செக்டாருக்குள்ளும் நுழைந்து பாருங்கள். ஹவுசிங் சொசைட்டி பார்க்கிங்கின் மூலையில், மாடிப்படிக்கு அடியில், வாட்ச்மேன் கேபினுக்குப் பின்னால் என்று நாலைந்து மவுன்டன் பைக் (எம்டிபி) தூசி படிந்து நிற்கும். 2020 லாக்டவுன் தளர்ந்ததும் அவசர அவசரமாக வாங்கியது ஒன்று. பையன் பத்தாவது படிக்கும்போது வாங்கிக் கொடுத்து, அவன் வேலைக்குப் போன பிறகும் அங்கேயே நிற்பது ஒன்று. சஸ்பென்ஷன் ஃபோர்க் துருப்பிடித்து இறுகியிருக்கும். ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் ஓர் இடத்தில் 'கடக்' என்று போய் உட்காரும். வண்டிக்காரர் மகாபேயிலோ ரிலையன்ஸ் கார்ப்பரேட் பார்க்கிலோ வேலை பார்ப்பவராக இருப்பார். ஞாயிறு காலையில் பாம் பீச் ரோட்டில் ஒரு ரவுண்டு போக ஆசை. புதுசு வாங்க மனசில்லை, பழசை பங்காருக்கு, அதாவது பழைய இரும்புக்கு, போடவும் மனசில்லை. நம்பகமான மெக்கானிக் கிடைத்தால் காசு கொடுக்கத் தயார்.

அந்த மெக்கானிக்காக நீங்கள் ஆக வேண்டும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை. தாராவியிலோ செம்பூரிலோ சைக்கிள் கடையில் ஹெல்பராக இருப்பவர், நவி மும்பையில் சொந்தமாக ஒரு கடை போட நினைப்பவர், பெரிய ஸ்போர்ட்ஸ் ஸ்டோரின் வொர்க்‌ஷாப்பில் டெக்னீஷியனாகச் சேர விரும்புபவர், மூவருக்கும் இது பொருந்தும்.

பஞ்சர் ஒட்ட ஊரில் ஆயிரம் பேர். பிரேக் கேபிள் மாற்ற ஐந்நூறு பேர். அந்தப் போட்டியில் கூலி ஏறவே ஏறாது. ஆனால் ஒரு பழைய எம்டிபியின் முன்பக்கத்தைப் பிரித்து, ஃபோர்க், ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம், ஹெட்செட் மூன்றையும் சரியான அளவில் மாற்றிக் கொடுக்கத் தெரிந்தவர் ஒரு ஏரியாவுக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். காலியாகக் கிடக்கும் அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.

முதலில் பாஷை. மும்பைக் கடைகளில் ஃபோர்க்குக்குப் பெயர் சிம்டா. கப்புக்குக் கட்டோரி. பேரிங் குண்டுக்கு சர்ரா. நம் ஊரில் அதையே பால்ரஸ் என்போம். கம்பெனி கேட்லாகில் கப், கோன், பேரிங் எல்லாம் சேர்ந்தது ஹெட்செட். கல்பாதேவியில் பார்ட்ஸ் வாங்கும்போது ஒரு பாஷை, ஐடி கஸ்டமரிடம் ஒரு பாஷை, ஆன்லைனில் ஆர்டர் போடும்போது ஒரு பாஷை. மூன்றும் வாயில் வர வேண்டும். மராத்தியில் நாலு வாக்கியம் கூடுதலாகத் தெரிந்தால், பக்கத்துக் கடைக்காரரிடம் போகிற ஆள் உங்களிடம் நிற்பார்.

1. ஸ்பேனருக்கு முன்னால் வெர்னியர்

இந்த வேலையில் பணம் தொலைவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். கஸ்டமர் ஆன்லைனில் ஒரு ஃபோர்க் வாங்கிவிடுவார். அட்டைப்பெட்டியோடு வந்து "இதைப் போட்டுக் கொடுங்க" என்பார். மெக்கானிக் உடனே பழையதைக் கழற்றிவிடுவார். பிறகு பார்த்தால் புது ஃபோர்க்கின் ஸ்டீரர் (ஃபிரேமுக்குள் ஏறும் குழாய்) டேப்பர்ட், அதாவது மேலே 1-1/8 இஞ்ச், கீழே 1.5 இஞ்ச். பழைய ஃபிரேமின் ஹெட் டியூபுக்குள் அது நுழையவே நுழையாது. இப்போது வண்டி பிரிந்து கிடக்கிறது, ரிட்டர்ன் தேதி முடிந்துவிட்டது, கஸ்டமர் முகம் மாறிவிட்டது.

ஒரு டிஜிட்டல் வெர்னியர் வாங்குங்கள். இந்த வாரமே வாங்குங்கள். அதை வைத்து ஐந்து நிமிடத்தில், வண்டியைக் கழற்றாமலே முக்கால்வாசி பதிலைச் சொல்லிவிடலாம்.

ஹெட்செட்டின் மேல்பக்கம் பெரிய நட்டு தெரிந்து, அதற்குள்ளிருந்து ஸ்டெம்மின் தண்டு எழுந்து வந்தால் அது த்ரெட்டட் டைப். அந்தத் தண்டை அளந்து பாருங்கள். 22.2 மி.மீ. என்றால் ஸ்டீரர் 1 இஞ்ச், நட்டுக்கு 32 மி.மீ. ஸ்பேனர். 25.4 என்றால் ஸ்டீரர் 1-1/8 இஞ்ச், நட்டுக்கு 36. நட்டே இல்லாமல் ஸ்டெம் ஸ்டீரரை வெளியே இருந்து கட்டிப் பிடித்து, மேலே ஒரு மூடியும் நடுவில் ஆலன் போல்ட்டும் இருந்தால் அது த்ரெட்லெஸ். ஸ்டீரர் அநேகமாக 28.6 மி.மீ., அதாவது அதே 1-1/8 இஞ்ச். 1990-களின் தொடக்கத்தில் டயா-காம்ப் கம்பெனி அஹெட்செட் என்ற பெயரில் கொண்டுவந்த முறை இது. இன்று எம்டிபி உலகமே இதில்தான் ஓடுகிறது.

நம்மிடம் வருபவை இரண்டு தலைமுறை வண்டிகள். ஹீரோ ரேஞ்சர், ஹெர்குலிஸ் எம்டிபி வகை பழைய ஸ்டீல் வண்டிகள் பெரும்பாலும் த்ரெட்டட். 2005-ல் ஃபயர்ஃபாக்ஸ் வந்த பிறகு பரவிய கியர் வண்டிகளிலும் டெக்கத்லான் ராக்ரைடர்களிலும் த்ரெட்லெஸ் அதிகம். ஃபயர்ஃபாக்ஸை 2015-ல் ஹீரோ சைக்கிள்ஸ் வாங்கியது. அட்லஸ் 2020 ஜூனில் சாகிபாபாத் ஆலையை நிறுத்திக்கொண்டது. கம்பெனி கை மாறும், மூடிப் போகும். ஸ்டிக்கரைப் பார்த்து பார்ட்ஸ் தேடுபவர் அப்போது திண்டாடுவார். மில்லிமீட்டரைப் பார்த்துத் தேடுபவருக்கு எந்த கம்பெனி மூடினாலும் வேலை நிற்காது.

இனி ஹெட் டியூபின் உள்பக்கம். 1-1/8 இஞ்ச் வண்டிகளில் கப் உட்காரும் அளவு 34 மி.மீ., ஸ்டீரரின் அடியில் கிரவுன் ரேஸ் உட்காரும் அளவு 30. சற்றுப் புதிய ஃபிரேமில் ஹெட் டியூப் பருமனாக, உள்ளே 44 மி.மீ. இருக்கும். அப்படி இருந்தால் கீழே வெளிப்புறக் கப் போட்டு டேப்பர்ட் ஃபோர்க்கையும் ஏற்றலாம். 34-ல் அந்த வழி கிடையாது. கேட்லாகில் இவற்றை இசி34, இசட்எஸ்44, ஐஎஸ்42 என்று போட்டிருப்பார்கள். முதல் எழுத்துகள் கப் வெளியே நிற்கிறதா, உள்ளே புதைந்ததா, பேரிங் நேராக ஃபிரேமிலேயே உட்காருகிறதா என்று சொல்லும். எண் உள் விட்டம். இந்தக் குறியீட்டை ஒரு மாலையில் படித்துவிடலாம். படித்தவர் மிகக் குறைவு.

1 இஞ்ச் வண்டியில் ஒரு பொறி இருக்கிறது. ஐஎஸ்ஓ கப் 30.2 மி.மீ., ஜிஸ் எனும் ஜப்பானிய அளவு 30.0. கிரவுன் ரேஸ் ஒன்றில் 26.4, மற்றதில் 27.0. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். 30.2 கப்பை 30.0 டியூபில் சுத்தியால் இறக்கினால் இறங்கும், ஆனால் கப் கோணும், பேரிங் ஒரு பக்கமாகத் தேயும், ஆறே மாதத்தில் வண்டி திரும்பி வரும். மரையிலும் 24, 26 என்று இஞ்சுக்கு இரண்டு கணக்கு உண்டு. பழைய நட்டு புது ஃபோர்க்கில் இரண்டு சுற்றுக்கு மேல் கையால் ஏறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஸ்பேனர் போட்டு ஏற்றாதீர்கள்.

2. ஃபோர்க்கைத் தேர்ந்தெடுக்கத் தெரிவதுதான் உண்மையான ஸ்கில்

மாட்டுவது கைவேலை. தேர்ந்தெடுப்பது மூளை வேலை. கஸ்டமர் அதற்குத்தான் தாராளமாகக் காசு கொடுப்பார். இங்கே நாலு கேள்வி கேட்க வேண்டும்.

உயரம் என்ன? அச்சிலிருந்து கிரவுன் ரேஸ் உட்காரும் இடம் வரை அளந்து பாருங்கள். பழைய 26 இஞ்ச் ஃபிரேம்கள் 60 முதல் 80 மி.மீ. வரை அமுங்கும் ஃபோர்க்குக்காக வரையப்பட்டவை. அதில் 120, 130 மி.மீ. ஃபோர்க்கை ஏற்றினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். 20 மி.மீ. உயர்ந்தால் ஹெட் ஆங்கிள் சுமார் ஒரு டிகிரி சாயும். ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும். அதைவிட முக்கியம், நீண்ட ஃபோர்க் நெம்புகோல் மாதிரி வேலை செய்து ஹெட் டியூப் வெல்டிங்கை இழுக்கும். பார்சிக் மலையிலிருந்து இறங்கும்போது அந்த வெல்டிங் விட்டால் என்ன ஆகும் என்பதை நினைத்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

சக்கரம் என்ன? 26 இஞ்ச் ஃபோர்க்குகள் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. 27.5 இஞ்ச் ஃபோர்க்கில் 26 சக்கரத்தைப் போட்டு ஓட்டலாமே என்று கஸ்டமர் கேட்பார். டிஸ்க் பிரேக் என்றால், உயரம் ஒத்துவந்தால், முடியும். வி-பிரேக் என்றால் முடியாது. பிரேக் கட்டை ரிம்முக்கு மேலே, டயரில் போய் உரசும்.

பிரேக் என்ன? இன்று வரும் நல்ல ஃபோர்க்குகளில் பாதிக்கு மேல் டிஸ்க் மட்டும்தான். வி-பிரேக் போட இரண்டு முனைகள் இருக்காது. அப்போது முன்சக்கரத்துக்கு டிஸ்க் ஹப், காலிபர், லீவர் என்று செலவு நீளும். அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 1996-க்கு முந்தைய வண்டி என்றால் கேன்டிலீவர் பிரேக் இருக்க வாய்ப்பு உண்டு. ஷிமானோ வி-பிரேக் அந்த வருஷம்தான் வந்தது. கேன்டிலீவர் கேபிளுக்கு ஹெட்செட்டிலோ ஸ்டெம்மிலோ ஒரு பிடிமானம் இருக்கும். ஸ்டெம்மை மாற்றும்போது அந்தப் பிடிமானம் போய்விடும். வண்டியை முழுக்கப் பூட்டிய பிறகு பிரேக் கேபிளை எங்கே நிறுத்துவது என்று முழிப்பது மிகவும் சங்கடமான நிலை. வி-பிரேக்குக்கு மாற்றினால் லீவரையும் மாற்ற வேண்டும், ஏனென்றால் அது இழுக்கும் கேபிள் நீளம் வேறு.

அச்சு என்ன? பழைய ஹப் 9 மி.மீ. க்விக் ரிலீஸ், 100 மி.மீ. அகலம். புது ஃபோர்க் 15 மி.மீ. த்ரூ ஆக்ஸில் என்றால் பழைய ஹப் உட்காராது.

இந்த நாலுக்கும் பதில் எழுதிய பிறகு, என் கருத்தைக் கேட்டால், கோபர்கைரனேயில் வரும் பழைய எம்டிபியில் பெரும்பாலானவற்றுக்கு சஸ்பென்ஷன் ஃபோர்க்கே வேண்டாம். ரிஜிட் ஃபோர்க் போடுங்கள். விலை குறைந்த காயில் ஸ்பிரிங் ஃபோர்க் இரண்டு கிலோவுக்கு மேல் எடை, மும்பையின் உப்புக் காற்றிலும் மழையிலும் மூன்றாவது வருஷம் இறுகிவிடும், ரோட்டில் மிதிக்கும் சக்தியையும் தின்னும். வண்டிக்காரர் ஓட்டுவது பாம் பீச் ரோடு, தானே-பேலாப்பூர் ரோடு, அதிகம் போனால் கன்சோலி கவளிதேவ் வரை. அதற்கு ஒரு நல்ல ஸ்டீல் ரிஜிட் ஃபோர்க் போதும். வாங்கும்போது சஸ்பென்ஷன் கரெக்டட் என்று கேட்டு வாங்குங்கள். சஸ்பென்ஷனின் உயரத்துக்கு ஈடாக நீளமாகச் செய்த ஃபோர்க் அது. குட்டையான சாதா ஃபோர்க்கைப் போட்டால் வண்டி மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும். இந்த ஆலோசனையில் உங்கள் பார்ட்ஸ் மார்ஜின் குறையும். ஆனால் வண்டி எடை குறைந்து ஓடுவதை முதல் ரைடிலேயே உணரும் கஸ்டமர், தன் ரைடிங் குரூப்பில் இருக்கும் இருபது பேருக்கும் உங்கள் நம்பரை அனுப்புவார். கணக்குப் போட்டுப் பாருங்கள், எது லாபம் என்று.

3. 'வேண்டாம்' என்று சொல்லும் தைரியம்

சில வேலைகளை ஏற்கவே கூடாது. ஸ்டீரர் குட்டையாகப் போன செகண்ட் ஹேண்ட் ஃபோர்க்கில் துண்டு வைத்து வெல்டிங் அடிப்பது. த்ரெட்டட் ஃபோர்க்கின் மரை மேலேயே த்ரெட்லெஸ் ஸ்டெம்மைக் கவ்வ வைப்பது. அலுமினிய ஸ்டீரரில் புதிதாக மரை போடுவது. கிரவுனில் மயிரிழை விரிசல் தெரிந்த பிறகும் பெயின்ட் அடித்துக் கொடுப்பது. இவற்றில் எது உடைந்தாலும் ஓட்டுபவர் முகம்தான் முதலில் தரையில் படும். பக்கத்துக் கடையில் செய்து தருகிறார்கள் என்பார் கஸ்டமர். செய்யட்டும். நீங்கள் காரணத்தைச் சொல்லி, விரிசலை மொபைலில் ஜூம் பண்ணிக் காட்டி, மரியாதையாகத் திருப்பி அனுப்புங்கள். அவர் ஒரு நாள் திரும்பி வருவார்.

4. கருவிக்குப் போடும் காசு

முழு செட் வாங்கினால்தான் தொடங்க முடியும் என்று காத்திருக்க வேண்டாம். வெர்னியர், 32-க்கும் 36-க்கும் மெல்லிய ஹெட்செட் ஸ்பேனர்கள், ஆலன் கீ செட், சிறிய டார்க் ரெஞ்ச், நல்ல கிரீஸ். இவ்வளவு போதும் ஆரம்பிக்க. கப் இறக்கும் பிரஸ்ஸை நீங்களே செய்துகொள்ளலாம். துர்பே பக்கம் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் ஓர் அடி நீள த்ரெட்டட் ராடு, இரண்டு நட்டு, தடித்த வாஷர்கள். இரண்டு முனையிலும் வாஷர் வைத்து மெல்ல இறுக்கினால் கப் நேராக இறங்கும். மரக்கட்டை வைத்து சுத்தியால் அடிக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கிரவுன் ரேஸ் இறக்க, ஸ்டீரர் மேல் வழுக்கிச் செல்லும் அளவுள்ள தடித்த இரும்புக் குழாய் ஒன்று பங்கார்க் கடையில் கிடைக்கும். தாராவி 13 காம்பவுண்ட் பக்கம் பழக்கம் இருந்தால் இன்னும் சுலபம். குழாயின் முனையைச் சமமாக ராவிக்கொள்ளுங்கள். அது ரேஸின் உள்விளிம்பில் படட்டும், குண்டு ஓடும் தடத்தில் படக் கூடாது.

கடை போடுபவர்கள் உத்யம் பதிவை முடித்துவிடுங்கள். கட்டணம் கிடையாது. முத்ரா கடனில் சிஷு பிரிவு 50,000 ரூபாய் வரை. வொர்க் ஸ்டாண்டு, ஒழுங்கான ஹெட்செட் பிரஸ், கம்ப்ரஸர் எல்லாவற்றையும் அந்தத் தொகைக்குள் திட்டமிடலாம்.

5. கழற்றும்போது அவசரம் கூடாது

பழைய த்ரெட்டட் வண்டியில் முதல் எதிரி இறுகிப்போன ஸ்டெம். அலுமினிய ஸ்டெம்மும் ஸ்டீல் ஸ்டீரரும் மழைநீரில் வருஷக் கணக்கில் ஒட்டிக் கிடந்தால் இரண்டும் ஒன்றோடொன்று உறைந்துவிடும். போல்ட்டை முழுக்கக் கழற்றாதீர்கள். மூன்று சுற்றுத் தளர்த்தி, அதன் தலையில் ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு. கீழே இருக்கும் ஆப்பு விடுபடும். ஆப்பு விட்டும் ஸ்டெம் அசையவில்லை என்றால், துரு இளக்கும் எண்ணெயை மேலிருந்தும், வண்டியைக் கவிழ்த்து ஸ்டீரரின் அடிவாயிலிருந்தும் ஊற்றி இரவு முழுக்க விடுங்கள். காலையில் முன்சக்கரத்தை இரு முழங்காலுக்கு நடுவே பிடித்து ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். கஸ்டமரிடம் முந்தின நாளே 'இது நாளைக்குத்தான்' என்று சொல்லியிருந்தால் உங்களுக்கும் டென்ஷன் இல்லை.

கழற்றியதும் கப்பின் உள்தடத்தை விரலால் தடவுங்கள். வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள் தட்டுப்படும். 'கடக்' என்று நடுவில் உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான். வருஷக்கணக்கில் நேராகவே ஓடி, குண்டுகள் ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடம் பதித்துவிட்டன. கிரீஸ் வைத்தால் தீராது, மாற்றத்தான் வேண்டும். கஸ்டமர் எதிரில் இருந்தால் அவர் விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புது ஹெட்செட் எதற்கு என்று பிறகு கேட்கவே மாட்டார்.

த்ரெட்லெஸ்ஸுக்கு ஸ்டீரரை வெட்டும் கணக்கு: ஹெட் டியூப் நீளம், ஹெட்செட்டின் மேல் கீழ் உயரம், ஸ்பேசர்கள், ஸ்டெம்மின் கவ்வும் உயரம். எல்லாவற்றையும் கூட்டி 3 மி.மீ. கழியுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்பேசர் அதிகம் வைத்து நீளமாகவே வெட்டுங்கள். பிறகு குறைக்கலாம், கூட்ட முடியாது. மேல்மூடி போல்ட் பிடிக்கும் ஸ்டார் நட்டை, ஸ்டீரரின் மேல் விளிம்பிலிருந்து சுமார் 15 மி.மீ. கீழே நேராக இறக்குங்கள்.

பூட்டும் வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். தொழில் பழகிய காலத்தில் நானும் தவறினேன். ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டு, பிறகு மேல்மூடி போல்ட்டை முழு பலத்தோடு திருகினேன். மூடி விரிசல் விட்டது, ஹெட்செட் ஆட்டம் மட்டும் போகவில்லை. சரியான வரிசை இது: பக்கவாட்டு போல்ட்டுகள் தளர்வாக இருக்க வேண்டும். மேல்மூடியை, ஹேண்டில் தானாகத் திரும்பும் அளவுக்கும் ஆட்டம் நிற்கும் அளவுக்கும் நடுவே கொண்டுவந்து நிறுத்துங்கள். சக்கரத்துக்கு நேராக ஸ்டெம்மைச் சரிபார்த்து, அப்புறம் பக்கவாட்டு போல்ட்டுகளை மாறி மாறி இறுக்குங்கள். ஸ்டெம்மில் அச்சிட்டிருக்கும் அளவுதான் அளவு, பெரும்பாலும் 5, 6 நியூட்டன் மீட்டர். மேல்மூடியின் வேலை பேரிங்கை அணைத்துப் பிடிப்பது மட்டும். ஸ்டெம்மைப் பிடித்து நிற்பது பக்கவாட்டு போல்ட்டுகள். ஹேண்டில்பாரைக் கவ்வும் முகத்தட்டின் இடைவெளி மேலும் கீழும் சமமாக இருக்கட்டும்.

கடைசியில் முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். மறு கை விரல் கீழ்க் கப்புக்கும் ஃபோர்க் கிரவுனுக்கும் நடுவே இருக்க வேண்டும். அங்கே அசைவு தெரிந்தால் இன்னும் தளர்வு. ஃபோர்க்கின் கால்களில் மட்டும் அசைந்தால் அது பழைய சஸ்பென்ஷனின் புஷ் தேய்மானம், வேறு கதை.

6. ஸ்டெம்: குறைந்த செலவில் பெரிய பெயர்

பழைய எம்டிபிகளில் 120, 130 மி.மீ. ஸ்டெம் சாதாரணம். நாள் முழுக்க லேப்டாப்பில் குனிந்தவர் ஞாயிறும் குனிந்தே ஓட்டினால் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? நீளம் குறைந்த, சற்று மேல்நோக்கிய ஸ்டெம் ஒன்றே அவர் ரைடை மாற்றிவிடும். 1 இஞ்ச் த்ரெட்டட் வண்டி என்றால் 22.2 மி.மீ. க்வில் அடாப்டர் போட்டு, அதன் மேல் 28.6 மி.மீ. த்ரெட்லெஸ் ஸ்டெம் பூட்டலாம். ஃபோர்க்கை மாற்றவே வேண்டாம். அடாப்டரில் மினிமம் இன்சர்ஷன் கோடு இருக்கும். அந்தக் கோடு வெளியே தெரிந்தால் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஹேண்டில்பாரின் நடுப்பகுதி பழையதில் 25.4, புதியதில் 31.8. ஸ்டெம் வாங்கும் முன் இதையும் அளந்துவிடுங்கள். மறந்தால் பாரும் சேர்த்து வாங்க வேண்டிவரும், அந்தச் செலவு உங்கள் தலையில் விழும்.

7. இம்ப்ரெஷன்

ஒரே வேலையை இரண்டு பேர் ஒரே தரத்தில் செய்தால், அதிகக் கூலி யாருக்குப் போகும்? எழுதிக் கொடுப்பவருக்கு. வண்டி வந்ததும் ஒரு ஜாப் கார்டு. அளந்த எண்கள், மாற்ற வேண்டியவை, பார்ட்ஸ் விலை தனி, லேபர் தனி, கொடுக்கும் தேதி. அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'ஓகே' வந்த பிறகுதான் ஸ்பேனர். வேலை முடிந்ததும் பழைய கப், பேரிங், ஸ்டெம் எல்லாம் ஒரு கவரில் போட்டு வண்டியோடு கொடுங்கள். பார்ட்ஸை மாற்றாமலே பில் போட்டிருப்பார்களோ என்ற பயம் மும்பையில் எல்லோருக்கும் உண்டு. அந்தக் கவர் பயத்தைப் போக்கிவிடும்.

லேபரை வேலைக்கு என்று சொல்லாமல் நேரத்துக்கு என்று வையுங்கள். உதாரணத்துக்கு உங்கள் ஒரு மணி நேரத்தின் மதிப்பு 300 ரூபாய் என்று நீங்களே முடிவு செய்தால், ஃபோர்க்கும் ஹெட்செட்டும் சேர்ந்த வேலை இரண்டு மணி நேரம், 600. இறுகிய ஸ்டெம் என்றால் கூடுதல் ஒரு மணி நேரம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேரம் பேசினால் கூலியைக் குறைக்காதீர்கள். வேண்டுமானால் செயினுக்கு எண்ணெய் போட்டுக் கொடுங்கள். ஒரு தடவை குறைத்த கூலி அந்த சொசைட்டி முழுக்க ரேட் கார்டு ஆகிவிடும்.

8. வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு

பெரிய ஸ்டோர்களில் பேச்சைவிட கையைத்தான் பார்ப்பார்கள். ட்ரையலில் ஹெட்செட் அட்ஜஸ்ட்மென்ட் கொடுக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஏனென்றால் ஒழுங்கு, பொறுமை, அளவு மூன்றும் அதில் தெரிந்துவிடும். கருவியைத் தொடும் முன் வண்டியைச் சுற்றிப் பார்த்து, அளந்து, என்ன செய்யப் போகிறீர்கள் என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். முடிந்ததும் மேஜையைத் துடையுங்கள். படிக்க வேண்டியது: பார்க் டூல் கம்பெனி வெளியிட்ட கால்வின் ஜோன்ஸின் ரிப்பேர் புத்தகம், மறைந்த அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் எழுதிவைத்த குறிப்புகள். இரண்டும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆங்கிலம் தடுமாறினால் படங்களிலிருந்து தொடங்குங்கள், அட்டவணை எண்களை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் செய்த வேலைகளின் முன்-பின் போட்டோக்களை மொபைலில் ஒரு ஃபோல்டராக வைத்திருங்கள். சர்டிஃபிகேட் இல்லாதவருக்கு அந்த ஃபோல்டர்தான் சர்டிஃபிகேட்.

9. மழைக்கு முன்னும் பின்னும்

இந்தத் தொழிலின் காலண்டரை மழை எழுதுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை முன்சக்கரம் அள்ளி வீசும் சேற்று நீர் நேராக ஹெட்செட்டின் கீழ்ப் பேரிங்கில் போய் விழும். மேல்பேரிங் புதுசு மாதிரி இருக்க, கீழ்ப்பேரிங் மட்டும் செத்துப் போவதற்கு இதுவே காரணம். எனவே மே மாதமே பழைய கஸ்டமர் எல்லோருக்கும் மெசேஜ் போடுங்கள்: முன் மட்கார்டு, கீழ்ப்பேரிங் கிரீஸ், ஒரு செக்கப். அக்டோபரில் இன்னொரு மெசேஜ். மழை முழுக்கப் பார்க்கிங்கில் நின்ற வண்டிகள் அப்போதுதான் வெளியே வரும், அப்போதுதான் 'கடக்' சத்தமும் கேட்கும். கார்ட்ரிட்ஜ் பேரிங் மாற்றும்போது பழையதின் மேல் எழுதியிருக்கும் கோணத்தைப் பாருங்கள், 36/45, 45/45 என்று இருக்கும். வெளி விட்டம் ஒத்துப்போய், கோணம் ஒத்துப்போகாத பேரிங் உட்கார்ந்த மாதிரி தெரியும், ஆனால் ஆட்டம் நிற்காது.

புதிதாக இறக்கிய கப்பும் ரேஸும் முதல் 50 கிலோமீட்டரில் சற்று அமரும். அப்போது கொஞ்சம் தளர்வு வருவது இயல்பு. வண்டியைக் கொடுக்கும்போதே இதைச் சொல்லி, பத்து நாள் கழித்து ஒரு தேதியை ஜாப் கார்டில் எழுதிவிடுங்கள். அன்று காலை நீங்களே போன் போடுங்கள். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் கடையில் நிறுத்தச் சொல்லுங்கள். பக்கவாட்டு போல்ட்டைத் தளர்த்தி, மேல்மூடியைக் கால் சுற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கி அனுப்ப மூன்று நிமிடம் ஆகும். அதற்குக் காசு வாங்காதீர்கள்.